மாரிக்கண்ணு அத்தையின் நிழல்

தோளில் என் விரல்கள் இன்னும் இருக்கின்றன. நாலு விரல். கட்டைவிரல் முதுகுப்பக்கம் போய்விட்டதால் படத்தில் விழவில்லை. மற்றபடி ஆளைச் சுத்தமாக வெட்டி எடுத்தாயிற்று, பின்னால் இருந்த பந்தல் துணி போய்விட்டது, பக்கத்தில் நின்ற நானும் போய்விட்டேன், என் கோடு போட்ட சட்டையும் இளிப்பும் போய்விட்டன, மாரிக்கண்ணு அத்தை மட்டும் தனியாக, ஸ்கிரீனில் வெள்ளையும் சாம்பலுமாகக் கட்டம் போட்ட வெறுமையில் நின்று சிரிக்கிறது, தோளில் யாருடையதென்று தெரியாத நாலு விரலோடு. இதை மூடத் தெரியாதா எனக்கு. பக்கத்துப் புடவைத் துணியிலிருந்து கொஞ்சம் எடுத்து விரல்மேல் போட்டு மெழுகினால் தீர்ந்தது, தினம் பத்துப் பேருக்குச் செய்கிற வேலை, தலைவருக்கு மீசை, மாப்பிள்ளைக்கு முடி, வயசுக்கு வந்த பிள்ளைக்கு நெற்றியில் பருவை எடுப்பது. ஆனால் மவுஸ் தோள் வரைக்கும் போகிறது, திரும்பி வருகிறது. காரணம் விரல் இல்லை. காரணம் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற செந்தூரன். படத்தில் இருப்பது அவன் அம்மா. நாளைக்குக் காரியம். பேனர் கடை முதலாளி சம்சு பாய் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும்போது, தொப்பியை உதறித் தலையில் வைத்துக்கொண்டே, தொழுதுட்டு வர்றதுக்குள்ள முடிச்சு வை தம்பி, வந்த ஒடனே மிஷின்ல ஏத்திரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் படியிறங்கும் வரை செந்தூரன் காத்திருந்தான். அப்புறம் ஸ்கிரீனைப் பார்த்தபடியே கேட்டான்.

"மாப்ள, அம்மா மாதிரி என்னைய ஒரு தடவை கூப்பிடுறியா."

காதில் விழாத மாதிரி ஜூம் பண்ணினேன். மிஷின் சத்தத்தில் விழாமல் போயிருக்கலாம்தானே, பின்னால் அது கவுன்சிலர் பிறந்தநாள் பேனரை இழுத்து இழுத்துத் துப்பிக்கொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் போகும்போது ஒரு சத்தம், அந்தப் பக்கம் வரும்போது ஒரு சத்தம், இதைக்கூட நான் வாயாலேயே போடுவேன், போட்டால் பாய், மிஷின் ஓடுது போல என்று டீயோடு உட்கார்ந்துவிடுவார், ஓடாது, நான்தான் ஓடிக்கொண்டிருப்பேன். செந்தூரன் மறுபடி கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டதை ரெண்டாம் தடவை கேட்கிற ஆள் இல்லை அவன், அத்தை வளர்ப்பு. முதல் விரலை மூடினேன். சுண்டுவிரல், அது சுலபம், புடவை மடிப்புக்குள் பாதி போயிருந்தது. வேலை செய்கிறவனிடம் பதில் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, மற்ற மூன்று விரலையும் அப்படியே விட்டுவிட்டு, அத்தையை இழுத்துக்கொண்டுபோய்ப் பேனரில் வைத்தேன். அடியில் மேகம், மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே வரிசையாக வேன் பிள்ளைகள், எல்.கே.ஜி.யிலிருந்து அஞ்சாம் கிளாஸ் வரை பாஸ்போர்ட் படங்கள், ஒவ்வொன்றும் வீட்டிலிருந்து வாங்கி வந்தது. அத்தை பள்ளிக்கூட வேனில் கதவோரம் உட்காருகிற ஆயா. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, பிள்ளையின் பேரைச் சொல்லித் தெருவையே எழுப்பி, இடுப்பில் ஒன்றைத் தூக்கி உள்ளே வைத்து, கதவை ரெண்டு தட்டுத் தட்டி, போலாம். அத்தையோடு எடுத்த படம் ஊரில் நூறு வீட்டில் இருக்கும், எல்லாவற்றிலும் யாருடைய பிள்ளையோ நடுவில், ஓரத்தில் அத்தையின் கை, பாதி முகம். முழுசாக முகம் விழுந்தது எங்க அக்கா மகள் காதுகுத்தில் எடுத்த இது ஒன்றுதான். அதிலும் நான் ஒட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கை பழக்கத்தில் ஒன்றைச் செய்துவிட்டது. இந்தக் கடையில் எல்லாமே லேயர்தான், கண்ணாடித்தாளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கின மாதிரி, ஆள் ஒரு தாளில், பேர் ஒரு தாளில், மேகம் ஒரு தாளில், ஸ்டைல் என்பது அந்தத் தாளுக்கு மாட்டிவிடுகிற சட்டை, ஓரத்துக்கு வெள்ளைக் கோடு, எழுத்துக்குப் புடைப்பு, பின்னால் ஒளி, பின்னால் நிழல். கழற்றினாலும் அடியில் இருக்கிற ஆளுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்கிரீனில் ஸ்டைல் பேருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும், தொட்டால் மூடிக்கொள்ளும், ஸ்டைல் மறையும், திரும்பத் தொட்டால் திறக்கும். யாருக்கும் புதிதாகத் தைப்பதில்லை, ஒருத்தருக்கு மாட்டியதைக் காப்பி செய்து அடுத்தவருக்கு மாட்டுவதுதான் கடை வழக்கம். அப்படித்தான் கவுன்சிலருக்கு வைத்த நிழல் அத்தைக்கு விழுந்துவிட்டது. விழுந்ததும் அத்தை எழுந்து நின்ற மாதிரி ஆயிற்று. சத்தியமாக. அதுவரைக்கும் மேகத்தில் ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி இருந்தது, நிழல் விழுந்ததும் பாரம் வந்துவிட்டது, இடுப்பு வந்துவிட்டது, இதோ கதவைத் தட்டிவிட்டு இறங்கப்போகிறது. செந்தூரன் ஸ்டூலில் நிமிர்ந்தான். அப்போதுதான் எனக்கு பாய் குரல் கேட்டது, பாய் இல்லாதபோதும் என் மண்டைக்குள் பாய் பேசுவார், தொண்டையைச் செருமிக்கொண்டு, வெத்தலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. இங்க பாரு தம்பி, கல்யாணம், காதுகுத்து, தலைவர் வருகை, எல்லாத்துக்கும் ஆளுக்குப் பின்னாடி நெழல வச்சுரு, அப்பத்தான் பேனர விட்டு வெளிய வந்து நிப்பான். மவுத்தானவங்களுக்கு மட்டும் நெழல் ஆகாது. அவுங்க தரையில நிக்கல. பின்னாடி வெளிச்சம் போதும். அவர் சட்டம் அது. எந்தக் கம்ப்யூட்டர் கிளாஸிலும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனால் நான் வந்த பிறகு போன அஞ்சலி பேனர் ஒன்றில்கூட இறந்தவருக்கு நிழல் போனதில்லை. மவுஸைக் கொண்டுபோய்க் கண் மேல் வைத்தேன். என்னடா செய்யப்போற என்றான் செந்தூரன். சொன்னேன். பாய் குரலில் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன், எது சாதாரணமோ அதில். அவன் கொஞ்சம் யோசித்து, இருக்கட்டும்டா, பாய் வர்ற வரைக்கும் இருக்கட்டும் என்றான்.

சரி இருக்கட்டும். ஆனால் நிழல் தப்பான பக்கம் விழுந்திருக்கிறது. கவுன்சிலருக்கு வெளிச்சம் வலதுபக்கம், அத்தைக்குப் பந்தல் கிழிசல் வழியாக இடதுகன்னத்தில் வெயில். நிழலைப் பிடித்து மெதுவாக இந்தப் பக்கம் இழுத்தேன், இழுத்ததும் கீழே பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வைத்திருந்த நிழல்கள் எல்லாமே அத்தையின் நிழலோடு சேர்ந்து திரும்பின. இது தெரிந்த சங்கதிதான், வெளிச்சத்தைப் பொதுவாக வைத்திருந்தால் ஒன்றைத் திருப்பும்போது எல்லாம் திரும்பும், புதிதாக வந்தபோது இதனால் ஒரு முழு கல்யாண பேனரைக் கெடுத்திருக்கிறேன். தெரிந்திருந்தும் கை நின்றுவிட்டது. செந்தூரன் மூக்கை உறிஞ்சினான், அது அழுகை இல்லை, அவனுக்கு எப்போதுமே சளி. ரெண்டாவது விரலை மூடினேன். மோதிரவிரல். கூப்பிடுறியா என்றுதானே கேட்டான், ஏன் எனக்கு வியர்க்கிறது. என் பேரே ரேடியோ. முகுந்தன் என்று ரேஷன் கார்டில்தான் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் தூணுக்குப் பின்னால் நின்று கண்டக்டர் குரலில் பட்டுக்கோட்டை பட்டுக்கோட்டை ஏறு ஏறு என்று ஒரு சத்தம் கொடுத்தால் ஒரு பெஞ்சு ஆட்களே பையோடு எழுந்திருப்பார்கள். ஹெட்மாஸ்டர் குரலில் பாத்ரூமுக்குள்ளிருந்து, யார்ரா அங்க, என்று கேட்டால் வாட்ச்மேன் விரைப்பாக நின்று, நாந்தான் சார் என்பார். பாயின் வீட்டம்மா குரலில் ஷட்டருக்குப் பின்னாலிருந்து, ஏங்க, கறி வாங்கினீங்களா, பாய் பதறிப்போய், இந்தா, இப்பப் போறேன். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு பிடித்துக்கொள்ளும். எல்லாக் குரலும் என்னிடம் இருக்கிறது. அத்தையின் குரல்தான் முதல் முதலில் பிடித்தது. கிரிக்கெட் நடுவில் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்று செந்தூராஆஆ என்று ஒரு இழுப்பு இழுத்தால், இவன் மட்டையைப் போட்டுவிட்டு, வர்றேம்மா என்று ஓடுவான், நாங்கள் தரையில் உருளுவோம். ரொம்ப நாள் ஏமாந்தான். அப்புறம் ஒருநாள் ஏமாறவில்லை. மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டே, போடா, அம்மா இப்டி கூப்பிடாது என்றான். எங்கே தப்பு, சொல்லு சொல்லு என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன், கண்டுபிடிடா என்று சிரித்தான். அதிலிருந்து எத்தனை தடவை மாற்றிப் பார்த்திருப்பேன், தொண்டையை இறுக்கி, மூக்கில் கொஞ்சம் சேர்த்து, இன்னும் நீளமாக இழுத்து, தெருவே அச்சு அசல் என்று சொல்லும், இவன் மட்டும் தலையை நிமிர்த்த மாட்டான்.

அவனே இப்போது கேட்கிறான். அப்படியென்றால் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்கிறானா. அத்தையிடம் இருந்தது பட்டன் போன், அதில் குரல் எதுவும் பதிவாகி இருக்காது. வீடியோ என்று தேடியதில் யார் வீட்டுப் பிறந்தநாளிலோ அத்தை தூரத்தில் தட்டைக் கழுவுகிறது, பாட்டுச் சத்தம் மேலே. ஆக என் தொண்டை ஒன்றுதான் மிச்சம். கூப்பிட்டேன் என்றே வைத்துக்கொள், அந்த தெருவே சிரிக்கிற குரலில், அவன் காதில் அது போய் உட்காரும், நாளைக்கு, அடுத்த வருஷம், கல்யாணத்தன்று அம்மாவை நினைத்தால் எது கேட்கும், அம்மாவா, நானா. ஸ்டைலைக் கழற்றலாம், கண்ணை மூடலாம், ஆனால் ரெண்டு லேயரையும் மெர்ஜ் பண்ணிவிட்டால் முடிந்தது, ஒரே தாள், இது ஆள் இது சட்டை என்று பிரிக்கவே முடியாது, சேவ் பண்ணி மூடியும் விட்டால் பாயே வந்தாலும் பிரிக்க முடியாது. அப்புறம் அவனிடம் இருக்கிற கொஞ்சமும் என்னால் போகும். கூப்பிடாமல் இருந்துவிடலாம். மாப்ள வேணாம்டா என்று சொல்லிவிடலாம். சொன்னால் புரிந்துகொள்வான், புரிந்துகொண்டு அந்தச் சளி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அது இன்னும் மோசம். மூன்றாவது விரல். நடுவிரல், இதற்கடியில் மடிப்பு எப்படி இருந்திருக்கும் என்று தெரியாது, கேமராவுக்கே தெரியாது, நான் பக்கத்திலிருந்து எடுத்துப் போடுவதுதான் இனிமேல் அங்கே இருந்தது. பார்க்கிறவன் நம்புவான். நானே நம்பிவிடுவேன். அதுதான் பயமாக இருக்கிறது. ஏனென்றால் இப்போது மனசுக்குள் அத்தை குரலைத் தேடிப் பார்த்தேன், வாயைத் திறக்காமல், சும்மா, எப்படி இருக்கும் என்று. நான்தான் கேட்டேன். என் இழுப்பு. செந்தூராஆஆ. வேறு பக்கமாகத் தேடினேன், சாப்பிட்டியாடா, நான். வேன் கதவைத் தட்டி, போலாம்ணே, நான். அத்தை போன இடத்திலெல்லாம் எனக்கு முன்னால் நான் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

இழவு வீட்டிலும் இப்படித்தான் ஆயிற்று. பந்தலில் நிற்கிறேன், பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், எனக்கும் கண்ணில் தண்ணீர்தான், ஆனால் வாய்க்குள் நாக்கு ஒவ்வொருத்தர் அழுகையையும் பிடித்துக்கொண்டே வருகிறது, இந்தச் சித்தி மூச்சை எங்கே விடுகிறது, அந்த அம்மா எந்தச் சொல்லில் உடைகிறது என்று. நாக்கைக் கடித்தேன். ரத்தம் உப்பாக இருந்தது. செந்தூரனிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும், என் குரலில், கையைப் பிடித்துக்கொண்டு. வாயைத் திறந்தால் அவன் மாமா குரல் வருகிறது, நம்ம கையில என்னடா இருக்கு. அவன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான், மாமா என்று நினைத்துத்தான் பார்த்திருப்பான், நான் நின்றேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது, என்னை வெட்டி எடுத்துத் தனியாக வைத்தால் அங்கே கட்டம் போட்ட வெறுமைதான் இருக்கும், ஸ்டைல் மட்டும் மேலே மேலே. சரி, போதும், மிஷின் சத்தம் மாறுகிறது, பேனர் முடியப்போகிறது, பள்ளிவாசல் பக்கம் வண்டிகள் கிளம்புகிற மாதிரி இருக்கிறது. இன்னும் ஒரு விரல்.

ஆள்காட்டி விரல். இது கழுத்தோரம் இருக்கிறது, அதனால் இன்னும் பெரிதாக்கினேன், கழுத்து, மஞ்சள் கயிறு, மோவாய், வாய். சிரிக்கிற வாய் இல்லை இது. இவ்வளவு பெரிதாக்கினால் தெரிகிறது, சிரித்துக்கொண்டே என்னமோ சொல்கிற வாய். என்ன சொன்னது. படம் எடுக்கிறவர் எல்லாரும் சிரிங்க என்றார், நான் அத்தை தோளில் கையைப் போட்டுக்கொண்டு அத்தை குரலிலேயே செந்தூராஆஆ, போட்டா எடுக்குறாங்க வாடாஆ என்றேன், பந்தலே சிரித்தது, அத்தையும் சிரித்தது, சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பாமல், நா எங்கடா அப்படி இழுக்குறேன் என்றது. அதற்கும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். நா எங்கடா அப்படி இழுக்குறேன். இதோ, இந்த வாய், அந்த எங்கடாவில் நிற்கிறது. இது என் குரலில் கேட்கவில்லை. மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன், என் குரலாக வரவில்லை, ஏனென்றால் இதை நான் ஒரு தடவையும் செய்து காட்டியதில்லை, இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எங்கே இழுக்கிறது அத்தை. எங்கே. வேன் பிள்ளைகளை இழுத்துத்தான் கூப்பிடும், வீட்டுக்குள் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும், பாதி இட்லியில் இருக்கும், அதுகளுக்குத் தெரு முழுக்க வேண்டும். ஆனால் இவனை. ஒருநாள் சாயங்காலம் இவன் நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன், அத்தை வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தது, என்னைப் பார்த்துவிட்டு உள்பக்கம் முகத்தைத் திருப்பி, செந்தூ, என்றது, அதற்குள் இவன் வந்துவிட்டான், துண்டோடு, அத்தை கை துடைக்க. மீதிப் பேர் அத்தையின் வாயிலேயே தங்கிவிட்டது. கிரவுண்டு சுவர் பக்கம் அத்தை நிஜமாகவே வந்து நின்ற நாட்களிலும் அப்படித்தான், முதல் பாதியிலேயே இவன் மட்டை கீழே விழுந்திருக்கும், மீதியை எதற்குச் சொல்ல வேண்டும். முழுப் பேரையும் சொல்லவேண்டி வந்ததே இல்லை. நான் இழுத்தேன், ஆள் வர வேண்டுமே என்று. அத்தைக்கு அவன் வந்துவிடுவான்.

நாலாவது விரலை மூடினேன். தோள் இப்போது வெறும் புடவை. கை வைத்துக்கொள்ள எனக்கு இனி அதில் இடம் இல்லை, செய்ய வேலையும் இல்லை. பின்னால் மிஷின் நின்றது. கடையில் ஃபேன் சத்தம் மட்டும். செந்தூரன் ஸ்கிரீனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான், அத்தையை இல்லை, அத்தைக்குப் பின்னால் விழுந்திருந்த நிழலை. நான் தொண்டையை இறுக்கவில்லை. மூக்கில் சேர்க்கவில்லை. தெருவுக்குச் சொல்லவில்லை, காலைக் கழுவிக்கொண்டே முகத்தைத் திருப்புகிற தூரத்துக்கு, கிட்டத்தில் இருக்கிறவனுக்கு, வருவான் என்று தெரிந்த ஒருத்தனுக்கு.

"செந்தூ..."

"வர்றேம்மா."

எழுந்துவிட்டான். ஸ்டூல் பின்னால் சரிந்து சுவரில் இடித்தது. ஒரு கால் முன்னால் வந்திருந்தது, கை எதையோ கீழே போட்ட மாதிரி விரிந்திருந்தது, போடுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. அப்படியே நின்றான், எந்தப் பக்கம் வருவது என்று தெரியாமல். மீதிப் பேர் என் வாயில் இருந்தது. அதைச் சொல்லவில்லை, என்னிடமே வைத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் மாதிரி இருந்தது, இருக்காது, படியில் பாயின் செருப்பு அதற்குள் ரெண்டு படிதான் ஏறியிருந்தது. செந்தூரன் குனிந்து ஸ்டூலை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தான். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தான், இது சளி இல்லை.

"இப்ப எடுத்துரு" என்றான்.

மவுஸால் அந்தக் கண்ணைத் தொட்டேன். அத்தையின் நிழல் போயிற்று. கீழே பிள்ளைகளின் நிழல்கள் மட்டும், அத்தைக்காகத் திருப்பிவைத்த பக்கமே இன்னும் சாய்ந்திருந்தன.